இழுத்து இழுத்து ஸ்டார்ட் ஆகும் கார்: நெல்லைச் சீமையில் கோளாறை எங்கே தேடுவது?

“தம்பி, வண்டி சுத்த மாட்டேங்கா, இல்ல சுத்தியும் பிடிக்க மாட்டேங்கா? அதச் சொல்லுங்க மொதல்ல.”

மேலப்பாளையத்தில் ஒரு வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியன் என்னிடம் கேட்ட கேள்வி இது. அதற்குள் நான் இரண்டு கடை ஏறி இறங்கியிருந்தேன். ஒரு கடையில் புது பேட்டரி மாட்டிவிட்டார்கள். பத்து நாள் வண்டி சாவியைத் தொட்டாலே உறுமியது. பதினோராம் நாள் பழைய குருடி கதவைத் திறடி. இன்னொரு கடையில் செல்ப் மோட்டாரையே மாற்றிவிடலாம் என்றார்கள். இரண்டு இடத்திலும் நான் சொன்னது ஒன்றுதான்: “காலையில ஸ்டார்ட் ஆக லேட்டாகுது.” அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு யாரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது என்பது அந்த அண்ணாச்சி கேட்ட பிறகுதான் உறைத்தது.

லேட்டாகுது என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வெவ்வேறு நோய்கள் இருக்கின்றன. செல்ப் மோட்டார் இன்ஜினைச் சுற்ற முடியாமல் திணறுவது ஒன்று. இது பேட்டரி, ஒயர், மோட்டார் சம்பந்தப்பட்டது. செல்ப் நன்றாகச் சுற்றியும் இன்ஜினுக்குள் தீப்பிடிக்காமல் இழுத்துக்கொண்டே போவது மற்றொன்று. இது பெட்ரோல் அல்லது டீசல், பிளக், சென்சார், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுந்துவது) சம்பந்தப்பட்டது. முதல் நோய்க்குப் பெட்ரோல் பம்ப் மாற்றினாலும் பயனில்லை. இரண்டாவதற்குப் பேட்டரி மாற்றினாலும் பயனில்லை. ஆனால் நம் ஊரில் எதற்கும் முதலில் பேட்டரிதான் மாற்றப்படுகிறது. கழற்றி மாட்ட ஐந்து நிமிஷம் போதும், அதில் லாபமும் இருக்கிறது.

எது எது என்று பிரிக்கக் கருவி வேண்டாம், காது போதும். நல்ல நிலையில் உள்ள செல்ப், பெட்ரோல் இன்ஜினை நிமிஷத்துக்குச் சுமார் 200 சுற்று சுற்றும். நாலு சிலிண்டர் இன்ஜினில் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை பிஸ்டன் காற்றை அழுத்துகிறது. அப்படியானால் விநாடிக்கு ஆறேழு அழுத்தம். அந்த வேகத்தில் காதால் எண்ண முடியாது, ‘கிர்ர்ர்’ என்று ஒரே இழையாகக் கேட்கும். ‘ர்ரூ... ர்ரூ... ர்ரூ’ என்று கெட்டி மாவில் கிரைண்டர் திணறுவது போலக் கேட்டு, ஒவ்வொன்றையும் உங்களால் எண்ண முடிந்தால், சுற்றும் வேகம் பாதிக்கு விழுந்துவிட்டது என்று பொருள். அது முதல் நோய். எண்ண முடியாத வேகத்தில் சுற்றியும் நாலைந்து விநாடி கழித்துத்தான் பிடிக்கிறது என்றால் இரண்டாவது. அடுத்த தடவை மெக்கானிக்கிடம் போகுமுன் போனில் அந்தச் சத்தத்தைப் பதிவு செய்துகொண்டு போங்கள். கடைக்குப் போனதும் வண்டி நல்ல பிள்ளையாக ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆகிவிடும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே.

குளிர் நாட்டு வைத்தியம்

இணையத்தில் தேடினால் கிடைக்கும் விளக்கங்களில் பாதிக்கு மேல் பனி கொட்டும் ஊர்க்காரர்கள் சொன்னவை. இன்ஜின் ஆயில் உறைந்து கெட்டியாகும், பேட்டரி குளிரில் பாதி சக்தி இழக்கும், டீசல் மெழுகாகும் என்று போகும் அந்தப் பட்டியல். ஆயில் டப்பாவில் ‘5டபிள்யூ-30’ என்று இருக்கிறதே, அந்த டபிள்யூ குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. பாளையங்கோட்டையில் மார்கழி விடியலில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். மாஞ்சோலை மலைமேல் ஜீப் வைத்திருப்பவர் வேண்டுமானால் அதைப் பற்றிக் கவலைப்படலாம். நமக்கு வரும் கேடுகள் வேறு: வெயில், கடல் பக்கம் உப்புக் காற்று, மாதக்கணக்கில் ஓடாமல் கிடப்பது, அப்புறம் எலி.

வெயிலிலிருந்து தொடங்கலாம். பேட்டரிக்குள் ஆறு அறைகள் இருக்கின்றன. அறைக்கு 2.1 வோல்ட், மொத்தம் 12.6. உள்ளே ஈயத்தகடும் கந்தக அமிலமும் நடத்தும் ரசாயனம் சூடு ஏற ஏற வேகம் பிடிக்கும். வேண்டிய ரசாயனம் மட்டுமல்ல, தகட்டை அரிக்கும் வேண்டாத ரசாயனமும் சேர்ந்தே வேகம் பிடிக்கும். சராசரி வெப்பம் 10 டிகிரி கூடினால் பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது அந்தத் தொழிலில் புழங்கும் தோராயக் கணக்கு. அக்னி நட்சத்திரத்தில் 39 டிகிரி வெயிலில் ஜங்ஷன் பக்கம் திறந்தவெளியில் நிறுத்திய வண்டியின் பானெட்டுக்குள் எவ்வளவு இருக்கும் என்று கையை வைத்துப் பார்த்தால் தெரியும். நம் ஊரில் மூன்று நாலு வருஷத்தில் பேட்டரி போவது கம்பெனியின் குற்றமாகவே இருக்க வேண்டியதில்லை.

இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் ஸ்டார்ட் செய்யுமுன் மல்ட்டிமீட்டர் வைத்தால் 12.6 காட்ட வேண்டும். 12.4 என்றால் முக்கால் பங்கு சார்ஜ், 12.2 என்றால் பாதி, 12 என்றால் கால். ஆனால் இந்த எண்ணை மட்டும் நம்பி ஏமாந்தவர்கள் உண்டு. கிழடு தட்டிய பேட்டரியும் சும்மா இருக்கும்போது 12.6 காட்டும். வேலை கொடுத்தால்தான் சாயம் வெளுக்கும். ஒருவர் சாவியைத் திருக, இன்னொருவர் மீட்டரைப் பார்க்க வேண்டும். செல்ப் சுற்றும்போது 10 வோல்ட்டுக்கு மேல் நின்றால் நல்லது. 9.6க்குக் கீழே போனால் பேட்டரி போய்விட்டது, அல்லது மோட்டார் அளவுக்கு மீறி இழுக்கிறது. தண்ணீர் ஊற்றும் வகை பேட்டரி என்றால் அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரும் பேசும். ஐந்து அறையில் 1.260 காட்டி, ஒரே அறையில் மட்டும் 1.180 என்று இறங்கியிருந்தால் அந்த அறை செத்துவிட்டது. எத்தனை மணி நேரம் சார்ஜ் போட்டாலும் வீண்.

வண்டி ஸ்டார்ட் ஆனபிறகு அதே இடத்தில் 13.8 முதல் 14.5 வரை காட்டினால், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோ சரியாக இருக்கிறது. இப்போதைய வண்டிகளில் இருப்பது ஆல்டர்னேட்டர்தான், ஆனால் பட்டறையில் கேட்டால் டைனமோ என்றே சொல்வார்கள். அதுவே இருக்கட்டும்.

இங்கே ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். அடிக்கடி ஸ்டார்ட் செய்தால் பேட்டரி தீர்ந்துவிடும் என்று எங்கள் வீட்டிலேயே சொல்வார்கள். 150 ஆம்பியர் இரண்டு விநாடி இழுத்தால் 300 ஆம்பியர்-விநாடி. மணிக்கணக்கில் மாற்றினால் 0.1 ஆம்பியர்-மணிகூட இல்லை. 35 ஆம்பியர்-மணி பேட்டரியில் அது கடலில் கரைத்த பெருங்காயம். டவுனிலிருந்து வண்ணார்பேட்டை போவதற்குள் திரும்ப ஏறிவிடும்.

ஒரு சாண் ஒயரில் ஒன்றரை வோல்ட்

என் வண்டிக்கு வருகிறேன். அண்ணாச்சி சத்தத்தைக் கேட்டார், “சுத்த மாட்டேங்கு” என்று முடிவு செய்தார். பேட்டரி புதுசு. செல்ப் அடிக்கும்போது பேட்டரி முனையில் 10.6 நிற்கிறது. ஆக, பேட்டரியில் பிழையில்லை. அடுத்து செல்ப் மோட்டாரைக் கழற்றுவார் என்று நினைத்தேன். அவர் மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ்வில் வைத்தார். “கிளாம்புல வைக்கக் கூடாது தம்பி, ஈயத்துல வைக்கணும்.” இன்னொரு முனையை இன்ஜின் பிளாக்கில் பெயிண்ட் இல்லாத ஒரு போல்ட் தலையில் வைத்தார். “அடிங்க.”

நான் சாவியைத் திருகினேன். மீட்டர் 1.4 வோல்ட் காட்டியது.

இரண்டும் எர்த்துதான், இரண்டுக்கும் நடுவே ஒன்றுமே காட்டக் கூடாது, போனால் 0.2, 0.3 வரை பொறுக்கலாம். 1.4 என்றால், பேட்டரி கொடுக்கும் 10.6ல் அந்த 1.4 மோட்டாருக்குப் போகாமல் வழியிலேயே தின்னப்படுகிறது. செல்ப் அந்த நேரத்தில் 140 ஆம்பியர் இழுத்தது என்று வைத்துக்கொண்டால், தடை வெறும் 0.01 ஓம். ஒயரைக் கழற்றி வைத்து ஓம் மீட்டரில் அளந்தால் இது தெரியவே தெரியாது, ‘சுழி’ என்றுதான் காட்டும். பெரிய மின்சாரம் ஓடும்போது மட்டுமே வெளியே வரும் தடை இது. அதே கணக்கில் அந்த இடத்தில் வீணாகும் சக்தி கிட்டத்தட்ட 200 வாட். அதனால்தான் பழைய ஆட்கள் மீட்டர் இல்லாமலே, நாலு தடவை செல்ப் அடித்துவிட்டு ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டுப் பார்ப்பார்கள். சுடுகிற இணைப்புதான் திருடன்.

அண்ணாச்சி ஒரு ஜம்பர் ஒயரை எடுத்து, பேட்டரி நெகட்டிவ்விலிருந்து நேரே இன்ஜினில் மாட்டினார். “இப்ப அடிங்க.” இன்ஜின் ‘கிர்ர்’ என்று சுற்றிப் பிடித்தது. பிறகு வண்டிக்கு அடியில் படுத்து, கியர் பாக்ஸ் பக்கம் பாடிக்கும் இன்ஜினுக்கும் நடுவே இருக்கும் பின்னல் எர்த் ஸ்ட்ராப்பைக் கழற்றி என் கையில் கொடுத்தார். ஒரு சாண் நீளம். தாமிரக் கம்பிகளைத் தலைமுடி போலப் பின்னிய பட்டை. ஒரு முனையில் பாதிக் கம்பிகள் இற்றுப்போயிருந்தன, மீதி முழுக்கப் பச்சைக் களிம்பு. கழுவாத செம்புக் குடத்தின் அடிப்பாகம் மாதிரி.

“கடக்கரப் பக்கம் போற வண்டியா?”

அம்மா வீடு உவரியில். வாரத்தில் இரண்டு நாள் வண்டி அங்கே, கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் நிற்கும். உவரி, இடிந்தகரை, கூடங்குளம் பக்கம் இருப்பவர்களுக்கு ஜன்னல் கம்பி என்ன பாடு படும் என்று தெரியும். ஆடி மாதக் காற்றில் அதே உப்புதான் வண்டிக்கு அடியிலும் படிகிறது. டெர்மினலில் வெள்ளையாகப் பூப்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஆப்ப சோடாவை வெந்நீரில் கரைத்து ஊற்றிக் கழுவி, வாசலின் தடவினால் சரியாகும். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். ஆனால் அடியில் இருக்கும் ஸ்ட்ராப்பை எவரும் பார்ப்பதில்லை.

புது பேட்டரி மட்டும் எப்படிப் பத்து நாள் ஓட்டியது? புதுசில் பலம் அதிகம், வழியில் தின்றது போக மிச்சமும் போதுமானதாக இருந்தது. ஆனால் டைனமோவும் இன்ஜினோடு பொருந்தியிருப்பதால் அதன் சார்ஜும் அதே களிம்பு ஏறிய வழியாகத்தான் பேட்டரிக்கு வர வேண்டும். நாளுக்கு நாள் சார்ஜ் குறைந்தது, பலம் கரைந்தது. ஸ்ட்ராப் விலை, முதலில் நான் பேட்டரிக்குக் கொடுத்ததில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை.

இதே சோதனையைப் பாசிட்டிவ் பக்கமும் செய்யலாம்: ஒரு முனை பேட்டரி பாசிட்டிவ், மறுமுனை செல்ப் மோட்டாரின் பெரிய போல்ட். அங்கே செல்ப்புக்கு மின்சாரம் விடும் காந்தச் சுவிட்சான சோலனாய்டும் சேர்வதால் 0.5 வரை விடலாம். இரண்டு பக்கமும் சுத்தம், பேட்டரியும் சுத்தம், இருந்தும் சுற்றவில்லை என்றால்தான் மோட்டாரைக் கழற்ற வேண்டும்.

மோட்டாரில் ஒரு விசித்திரம் உண்டு. சுற்றும்போது அதுவே எதிர்த்திசையில் கொஞ்சம் மின்னழுத்தத்தை உண்டாக்கி, தனக்கு வரும் மின்சாரத்தைத் தானே மட்டுப்படுத்திக்கொள்கிறது. மெதுவாகச் சுற்றினால் அந்தக் கட்டுப்பாடு குறைந்து, ஆம்பியர் ஏறும். ஆகவே கிளாம்ப் மீட்டர் போட்டுப் பார்க்கையில், மெதுவாகச் சுற்றியும் 250, 300 என்று இழுத்தால் மோட்டாரின் அச்சைத் தாங்கும் புஷ் தேய்ந்து, சுழலும் பகுதியான ஆர்மேச்சர் உரசுகிறது, அல்லது இன்ஜினே இறுகுகிறது. மெதுவாகச் சுற்றி ஆம்பியரும் குறைவாக இருந்தால் எங்கோ வழி அடைபட்டிருக்கிறது: ஒயர், இணைப்பு, தேய்ந்த கார்பன் பிரஷ். காலையில் சரியாகச் சுற்றி, வள்ளியூர் வரை ஓட்டி நிறுத்தி டீ குடித்துவிட்டு வந்தால் மட்டும் திணறுகிற வண்டிகளில் செல்ப் மேலேயே சந்தேகம் விழ வேண்டும். சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில் இருந்து வேகும் மோட்டார் அது. 70 டிகிரி கூடினால் தாமிரக் கம்பியின் தடை கால் பங்குக்கு மேல் கூடிவிடும். தேய்ந்த மோட்டார் அதைத் தாங்காது.

செல்ப் பற்றிப் பேசும்போது நெல்லைக்காரர்கள் கொஞ்சம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் கேடிலாக் காரில் வந்தது 1912ல். அதுவரை முன்னால் நின்று ஹேண்டில் போட்டுச் சுற்றுவதுதான் வழி, எதிர்த்து அடித்தால் கை முறியும். அதே 1912ல் தென் தமிழ்நாட்டில் பஸ் ஓட்டத் தொடங்கினார் டி.வி.சுந்தரம் அய்யங்கார், நாங்குநேரிக்கு மேற்கே மலையடிவாரத்துத் திருக்குறுங்குடியில் 1877ல் பிறந்தவர். அவர் தொடங்கிய டி.வி.எஸ். குழுமத்தின் லூகாஸ் டி.வி.எஸ். 1961லிருந்து செல்ப் மோட்டாரும் டைனமோவும் செய்கிறது. இந்தியச் சாலைகளில் ‘கிர்ர்’ என்று கேட்கும் சத்தத்தில் கணிசமான பங்குக்குத் திருக்குறுங்குடியோடு தூரத்துச் சொந்தம் உண்டு.

கொடைக்கு வந்தவரும் ஓடாத காரும்

எங்கள் தெருவில் பாதிப் பேர் வெளியூரில். துபாய், சென்னை, பெங்களூர். ஊரில் அம்மன் கோயில் கொடை என்றால் வந்துவிடுவார்கள். கொடை முடிந்து கவர் போட்டு மூடிய கார், அடுத்த கொடைக்குத்தான் வெளிச்சம் பார்க்கும். வந்து இறங்கியதும் சாவியைத் திருகினால் ‘டக்-டக்-டக்-டக்’ என்று மட்டும் கேட்கும். சோலனாய்டு இழுக்கிறது, அதற்குமேல் பலமில்லை.

வண்டியைப் பூட்டியபிறகும் அலாரம், கம்ப்யூட்டர், கடிகாரம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டேதான் இருக்கும். 30 மில்லி ஆம்பியர் என்பது சாதாரணம். நாளைக்கு 0.7 ஆம்பியர்-மணி, ஒரு மாதத்துக்கு 21க்கு மேல். 35 ஆம்பியர்-மணி பேட்டரியில் ஒரு மாதத்திலேயே பாதிக்கு மேல் காலி. வெளியே வாங்கி நேரே பேட்டரியில் சொருகிய ஜி.பி.எஸ்., கேமரா, கொடைக்குப் போட்ட ஆம்ப்ளிஃபயர் எல்லாம் சேர்ந்தால் பத்துப் பதினைந்து நாளே அதிகம். இதை அளக்க மீட்டரை ஆம்பியரில் வைத்து நெகட்டிவ் ஒயரின் நடுவே கோக்க வேண்டும். கோத்த உடனே பார்த்தால் பெரிய எண் காட்டிப் பயமுறுத்தும். கம்ப்யூட்டர் தூங்கப் போக அரை மணி நேரம் கொடுங்கள். அப்புறமும் 50 மில்லி ஆம்பியருக்கு மேல் இருந்தால் பியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். எதைப் பிடுங்கும்போது எண் விழுகிறதோ அந்த வழியில்தான் கசிவு.

“மாசத்துக்கு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் விடச் சொல்லியிருக்கேன்” என்பார்கள். ஐடிலில் ஐந்து நிமிஷத்தில் ஏறுவது அதிகபட்சம் ஒன்றிரண்டு ஆம்பியர்-மணி. போனது இருபது. நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட்டுப் போவது எவ்வளவோ மேல். நிற்கும் வண்டியில் எலி வேறு. பானெட்டுக்குள் வாகான இடம், கடிக்க ஒயர். கடித்து அறுத்ததைக் கண்டுபிடித்துவிடலாம். பாதி கடித்து விட்டதுதான் மாதக்கணக்கில் அலைக்கழிக்கும்.

நிற்கும் வண்டியின் பெட்ரோலும் கெடுகிறது. பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலப்பு 2025ல் நாடு முழுக்க எட்டப்பட்டுவிட்டது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். பாதி டேங்கோடு ஆறு மாதம் நிற்கும் வண்டியில், ஈரம் அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தங்கும். பம்ப் முதலில் உறிஞ்சுவது அதைத்தான். தினம் ஓடும் வண்டிக்கு இந்தப் பயம் வேண்டாம். இழுத்து ஸ்டார்ட் ஆவதற்கெல்லாம் எத்தனால் மேல் பழி போடுவது இப்போது ஒரு பழக்கமாகிவிட்டது.

சுற்றுகிறது, பிடிக்கவில்லை

இனி இரண்டாவது நோய். இதில் கேட்க வேண்டியது, எப்போது என்பது. காலையில் முதல் தடவை மட்டுமா? சூடான இன்ஜினை நிறுத்தி இருபது நிமிஷம் கழித்தா? எப்போதுமா?

பெட்ரோல் வண்டியில் பம்ப் டேங்குக்குள்ளேயே இருக்கிறது. சாவியை ஆனில் வைத்தால் பின் சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு விநாடி ‘ங்ங்ங்’ என்று கேட்கும். அந்த நேரத்தில் பைப்பில் 3, 4 பார் அழுத்தம் ஏறும். வண்டியை நிறுத்தினபிறகும் அந்த அழுத்தம் இறங்காமல் இருக்க ஒரு வால்வு உண்டு. வால்வு கசிந்தால், இரவோடு இரவாக அழுத்தம் இறங்கி, காலையில் செல்ப் அடித்துக்கொண்டே அழுத்தம் ஏறக் காத்திருக்க வேண்டும். இதற்கு ஒரு சல்லிக்காசு செலவில்லாத சோதனை: ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆனில் வைத்து, மூன்று விநாடி விட்டு, ஆஃப் செய்யுங்கள். மூன்று தடவை இப்படி. நாலாவது தடவை ஸ்டார்ட் செய்யுங்கள். பட்டென்று பிடித்தால் அழுத்தம் இறங்குவதுதான் கோளாறு. பட்டன் ஸ்டார்ட் வண்டியில் பிரேக்கையோ கிளச்சையோ மிதிக்காமல் பட்டனை அமுக்கினால் (பல வண்டிகளில் இரண்டு தடவை) ஆனுக்குப் போகும்.

அழுத்தம் பம்ப் பக்கம் கசியாமல், பெட்ரோலைத் தூவும் இன்ஜெக்டர் வழியாக இன்ஜினுக்குள் சொட்டினால் கதை வேறு. பிடிக்கும்போது கறுப்புப் புகையும் பெட்ரோல் வாடையும் வரும். பல வண்டிகளில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு செல்ப் அடித்தால் கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திவிடும். அப்படி அடித்துப் பிடித்தால் உள்ளே பெட்ரோல் மிஞ்சித் தேங்கியிருக்கிறது. அம்பாசடர், பத்மினி காலத்தில் சித்திரை வெயிலில் வண்டி நின்றால் பெட்ரோல் பம்ப்பின் மேல் ஈரத்துணி போடுவார்கள். குழாய்க்குள் பெட்ரோல் ஆவியாகி வழியை அடைத்திருக்கும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் அழுத்தம் இருக்கும்வரை ஆவி வராது. அழுத்தம் கசிந்தால் அதே பழைய பேய் திரும்ப வரும்.

சூட்டில் மட்டும் பிடிக்காமல் அரை மணி ஆறவைத்தால் பிடிக்கும் வண்டியில் கிராங்க் சென்சாரைச் சந்தேகப்பட வேண்டும். இன்ஜின் எந்த நிலையில் சுற்றுகிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது அதுதான். சொல்லாவிட்டால் பெட்ரோலும் இல்லை, தீப்பொறியும் இல்லை. வால்வைத் திறக்கும் தண்டின் நிலையைச் சொல்லும் கேம் சென்சார் போனால் பல வண்டிகள் ஒரேயடியாக நிற்காது, கம்ப்யூட்டர் தட்டுத் தடுமாறிக் கண்டுபிடிப்பதால் இழுத்துப் பிடிக்கும்.

ஸ்கேனர் போட்டால், வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்து வைத்திருக்கும் கோளாறு எண்ணான ‘கோடு’ மட்டும் பார்த்துவிட்டுக் கழற்றிவிடுகிறார்கள். கோடு ஒன்றும் இல்லை என்றால் கோளாறே இல்லை என்று அனுப்பிவிடுவதும் நடக்கிறது. ஓடும் எண்களைப் பார்க்கச் சொல்லுங்கள். விடியற்காலையில், இன்ஜின் தொடாத நிலையில், கூலன்ட் சென்சார் ஊர் வெப்பத்தைக் காட்ட வேண்டும்: 26, 27. அது 80 காட்டினால் கம்ப்யூட்டர் இன்ஜின் சூடாக இருப்பதாக நினைத்து பெட்ரோலைக் குறைக்கும், வண்டி இழுக்கும். ஒயர் அறுந்திருந்தால் மைனஸ் 40 காட்டும். திருநெல்வேலியில் மைனஸ் 40! அப்போதும் வண்டி பாவம், துருவப் பிரதேசத்தில் நிற்பதாக நம்பி பெட்ரோலை அள்ளி ஊற்றும். விவரம் தெரிந்த கம்ப்யூட்டர் இந்த அளவுக்கு ஏமாறாமல் கோடு போட்டுவிடும். ஆனால் 80 என்ற பொய்யை அதனால் கண்டுபிடிப்பது கஷ்டம்.

ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தால் மட்டும் பிடிக்கிறது என்றால், இன்ஜினுக்குக் காற்று போகும் வாசலான திராட்டில் பாடியில் கரி. பிளக், ஏர் பில்டர் எல்லாம் சர்வீஸ் கணக்குப்படி மாற்றியிருந்தால் அவற்றைக் கடைசியில் பார்த்தால் போதும்.

டீசல் வண்டிக்காரர்கள் முதலில் கைவைப்பது, ஸ்டார்ட் ஆகுமுன் சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்கில். அது குளிர் நாட்டுப் பழக்கம். நம் ஊர் 25 டிகிரியில் இன்றைய டீசல் இன்ஜின் ஹீட்டர் இல்லாமலே பெரும்பாலும் பிடித்துவிடும். நான் பார்த்த வரையில் இங்கே காரணம் இரண்டு. ஒன்று, எங்கோ காற்று இழுப்பது. இரவில் பைப்பில் இருக்கும் டீசல் டேங்குக்கே இறங்கிவிடும். பில்டர் மேல் கைப்பம்ப் இருந்தால் அதைக் கெட்டியாகும்வரை அமுக்கிவிட்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள். உடனே பிடித்தால் காற்றுதான். நடுவில் ஒரு சாண், உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய் போட்டால் குமிழி ஓடுவது தெரியும். இரண்டு, இன்ஜெக்டர் தேய்வது. எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான ஒரே அழுத்தக் குழாய் கொண்ட காமன் ரெயில் இன்ஜினில் செல்ப் சுற்றும்போதே சுமார் 200 பார் அழுத்தம் ஏறினால்தான் கம்ப்யூட்டர் டீசலை உள்ளே விடும். தேய்ந்த இன்ஜெக்டர் அந்த அழுத்தத்தைத் திரும்பும் குழாய் வழியே வடித்துவிடும். இதற்கு நம் மெக்கானிக்குகள் செய்யும் சோதனை எனக்கு ரொம்பப் பிடிக்கும்: நாலு சலைன் குழாய், நாலு தண்ணீர் பாட்டில். ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்னிலும் ஒன்றைக் கோத்து, பாட்டிலில் விட்டு இன்ஜினை ஓட்டுவார்கள். மூன்று பாட்டிலில் ஒரு விரற்கடை டீசல் நிற்க, நாலாவது மட்டும் பாதி நிறைந்திருந்தால் அதற்குமேல் ஸ்கேனர் சொல்ல ஒன்றுமில்லை. காலையில் வெள்ளைப் புகையோடு இருமிக்கொண்டே பிடித்தால் அப்போது ஹீட்டர் பக்கமும் கம்ப்ரஷன் பக்கமும் போகலாம்.

எந்த வண்டியானாலும் ஒரே மூச்சில் பத்து விநாடிக்கு மேல் செல்ப் அடிக்காதீர்கள். ஒரு நிமிஷம் ஆறவிடுங்கள். இழுத்து ஸ்டார்ட் ஆகும் வண்டியை மாதக்கணக்கில் அப்படியே ஓட்டினால், நல்ல செல்ப்பும் வெந்து இரண்டு நோயும் ஒன்றாகச் சேரும்.

கம்ப்ரஷன் என்றதும் 2023 டிசம்பர் வெள்ளம் ஞாபகத்துக்கு வருகிறது. 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டி, தாமிரபரணி ஜங்ஷனுக்கும் கொக்கிரகுளத்துக்கும் உள்ளே வந்தது. தெருவில் நின்ற கார்கள் ஸ்டீயரிங் வரை முங்கின. தண்ணீர் புகுந்த இன்ஜினை அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்தவர்களின் வண்டிகளில் பிஸ்டனைத் தாங்கும் தண்டான கனெக்டிங் ராடு வளைந்திருக்கும். தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாதே. லேசாக வளைந்தால் இன்ஜின் ஓடும். அந்த ஒரு சிலிண்டரில் மட்டும் பிஸ்டன் முழு உயரம் ஏறாது, கம்ப்ரஷன் குறையும். செல்ப் அடிக்கையில் தாளம் தப்பும்: ‘கிர்-கிர்-கிர்-கீ, கிர்-கிர்-கிர்-கீ’. வெள்ளத்தில் நின்ற வண்டிகளின் கனெக்டர்களுக்குள் களிம்பு ஏற வருஷக்கணக்கு ஆகும், கோளாறு இப்போதுதான் ஒவ்வொன்றாக வெளியே வருகிறது. அவற்றில் பல கழுவித் துடைத்து, சீட் கவர் மாற்றி, கை மாறிப் போய்க்கொண்டிருக்கின்றன.

போன மாதம் மச்சான் ஒருவர் பழைய கார் பார்க்கப் பேட்டைக்குக் கூப்பிட்டார். பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள், நாங்கள் எட்டரைக்கே போய் நின்றோம். விற்பவர் சிரித்த முகமாக வந்து, “ஒரே சாவியில எடுக்கும் அண்ணாச்சி, அடிச்சுப் பாருங்க” என்றார். மச்சான் சாவியை வாங்கக் கையை நீட்டினார். நான் பானெட்டின் மேல் கையை வைத்தேன். சுட்டது.